பாத்துட்டுச் சொல்றீங்களா, சும்மா சொல்றீங்களா

என் மனைவி ஆகாயத்தில் ஜெட் விமானம் ஓட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு பயமும் கிடையாது. தரையில் கார் ஓட்டுகிறாளே, அதுதான் என் ஆயுசைக் குறைக்கிறது. பிரேக்கை மிதித்தோம், வண்டி நின்றது என்று இருக்கமாட்டாள். தொடுவாள், எடுப்பாள், மறுபடி தொடுவாள், மறுபடி எடுப்பாள். ஒரு சிக்னல் வருவதற்குள் என் தலை பத்துத் தடவை முன்னும் பின்னும் ஆடிவிடும். இருபத்திரண்டு வருஷமாக இப்படி ஆமாம் போட்டே என் கழுத்து தேய்ந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னேன். "கார்ல மட்டும்தானே எனக்கு ஆமாம் போடுறீங்க" என்றாள்.

அவள் கேப்டன். நான் அதே கம்பெனியில் மெக்கானிக். எட்டுப் பேர் உட்காரக்கூடிய சின்ன ஜெட் விமானங்கள் மூன்றை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டும் கம்பெனி. ரேடியோ அறையில் உட்கார்ந்து விமானங்களோடு பேசுவது அவளுடைய தங்கை, அதாவது என் மச்சினி. ஆகவே வீட்டில் தோற்ற சண்டையை வேலையிடத்திலாவது ஜெயிக்கலாம் என்ற ஆசைக்கே இடமில்லை. எங்கே போனாலும் அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தன்.

அன்று காலை ஏழு மணிக்கு அவள் காரை ஓட்ட, நான் பக்கத்தில் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதுச் சட்டை போட்டிருந்தேன். அவள் வாங்கிக் கொடுத்தது, வெளிர் நீலம். "இதப் போட்டுட்டு ஹேங்கர்ல விமானத்துக்கு அடியில படுத்து அழுக்குத் துணியாக்கிடாதீங்க" என்று வீட்டிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. தெரு முனை திரும்பும்போது அடுத்தது வந்தது.

"பின்னாடி செடிக்குத் தண்ணி விட்டீங்களே, குழாய மூடினீங்களா?"

"மூடியாச்சு."

"பாத்துட்டுச் சொல்றீங்களா, சும்மா சொல்றீங்களா?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். நீ ரோட்டப் பாரு. பிரேக்கு, பிரேக்கு."

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் நீண்ட சரித்திரம் இருக்கிறது. அடுப்பை அணைத்தாயிற்றா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் "அணைச்சாச்சு" என்று சொல்லிவிடுவேன். கதவா, பூட்டியாச்சு. ஜன்னலா, சாத்தியாச்சு. பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. வேலையில் நாள் முழுக்க ஒவ்வொரு நட்டையும் இரண்டு தடவை பார்க்கிறவன் வீட்டில் ஒரு தடவை பார்க்காமல் விட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்பது என் கட்சி. அடுப்பில் ஒருநாள் பாத்திரம் கரியாகிப் போனதிலிருந்து அவள் எதிர்க்கட்சி.

ஒன்பது மணிக்கு அவளுடைய விமானம் கிளம்ப வேண்டும். பயணிகள் நான்கு பேர். அவர்கள் கொண்டு வந்த பெட்டிகளைப் பார்த்தால் வீட்டையே காலி செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. பின்னால் சாமான் அறை நிரம்பிவிட்டது. மிச்சத்தை விமானத்தின் மூக்குப் பகுதியில் இருக்கும் சின்ன அறையில் நானே திணித்து அடுக்கினேன். முடித்துவிட்டு நிமிரும்போது துணை விமானி வந்தார். நாற்பது வயது, நல்ல மனுஷன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பல்லவி. எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

"நைட்ரஜன் பாட்டில் கேஜ் பாக்கணும். கேஜ் பாக்கணும்" என்று மூக்குக் கதவைத் திறந்தார். பாட்டிலின் அழுத்தத்தைக் காட்டும் அந்தக் கேஜ் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

"நான் பாத்தாச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரம். புக்குல எழுதியும் வச்சாச்சு. மறுபடி எல்லாத்தையும் எறக்கி ஏத்த என் இடுப்புல தெம்பு இல்ல, போங்க."

அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் பார்த்தாலும் அவரும் பார்க்க வேண்டும், அதுதான் முறை. அவர் கேட்டபோது பெட்டிகளை இறக்கியிருக்க வேண்டும். பதினெட்டு வருஷ வேலையில் நான் செய்த பெரிய தப்பை, இடுப்பைச் சாக்கு சொல்லிச் செய்தேன்.

விமானம் கிளம்பி இருபது நிமிஷம் இருக்கும். நான் ஹேங்கரில் இன்னொரு விமானத்தின் அடியில் படுத்திருந்தேன். ஒலிபெருக்கியில் மச்சினியின் குரல் வந்தது.

"மாமா, ரேடியோ ரூமுக்கு வாங்க. ஓட வேணாம், நடந்தே வாங்க."

நடந்தே வாங்க என்று சொன்னதுதான் தாமதம், ஓடினேன்.

மச்சினி ஹெட்போனை ஒரு காதில் தள்ளிவிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து வழக்கம்போல நேராக இருந்தது. முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"ஹைட்ராலிக் போச்சு மாமா. சக்கரத்த மடக்கி முடிச்சதும் ஆயில் கம்மின்னு வெளக்கு எரிஞ்சிருக்கு. அக்கா செக்லிஸ்ட முடிச்சிட்டா. திரும்பி வந்துட்டிருக்கா."

ஹைட்ராலிக் என்பது குழாய்களுக்குள் அழுத்தத்தோடு ஓடும் சிவப்பு எண்ணெய். எங்கள் விமானம் பறப்பதற்கு அது வேண்டாம். சக்கரத்தை இறக்கவும் இறங்கிய பிறகு நிறுத்தவும் அதுதான் வேண்டும். அது போய்விட்டால், மூக்கில் இருக்கிற நைட்ரஜன் பாட்டில்தான் கதி. சக்கரம் தன் பாரத்திலேயே விழும், பாட்டில் காற்று அதைத் தள்ளிப் பூட்டும். மிச்சம் இருக்கும் காற்றில்தான் பிரேக் பிடிக்க வேண்டும். அதற்கு அவள் முழங்கால் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிடி இருக்கிறது. அதை மெல்ல இழுத்து, இழுத்தபடியே வைத்திருக்க வேண்டும். விட்டு விட்டு இழுத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்று வெளியே போய்விடும். நாலைந்து தடவை அப்படிச் செய்தால் பாட்டில் காலி, அப்புறம் பிரேக் கிடையாது. எங்கள் ஓடுபாதையின் கடைசியில் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய வாய்க்கால்.

தொடுவாள், எடுப்பாள், மறுபடி தொடுவாள். எனக்குக் காலையில் காரில் வந்தது ஞாபகம் வந்தது.

"இதவிட நீளமான ரன்வே வேணும்னா நாப்பது நிமிஷம் தள்ளி ஒண்ணு இருக்கு" என்றாள் மச்சினி. "இன்னிக்குன்னு பாத்து அங்க தார் போடுறாங்க. ரோலர் நடுவுல நிக்குதாம். எடுக்கச் சொன்னா எடுப்பாங்க. ஆனா அங்க போய், அவங்க எடுக்கிறவரைக்கும் சுத்துறதுக்கு அக்காகிட்ட எரிபொருள் மட்டுமட்டாத்தான் இருக்கும்."

அப்போது ஒலிபெருக்கியில் என் மனைவியின் குரல் வந்தது. பக்கத்து அறையிலிருந்து தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணக் குரல்.

"மெக்கானிக் இருக்காரா?"

வீட்டில் 'என்னங்க', வேலையில் 'மெக்கானிக்'. அதில் அவள் கறார். மச்சினி மைக்கை என் பக்கம் திருப்பினாள். திருப்புவதற்கு முன்னால் அதைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பிரேக்கப் பத்தி வாயத் தெறந்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றாள். என் மனசில் ஓடுவது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் காரின் பின்சீட்டில் அவளும் வந்திருக்கிறாள்.

"இருக்கேன். சொல்லு. சொல்லுங்க கேப்டன்."

"பாட்டில் கேஜ துணை விமானி பாக்கல. பெட்டி மறைச்சிருந்துதாம். நீங்க பாத்ததா சொன்னீங்களாம்."

"ஆமா, ஆயிரத்துத் தொள்—"

"இருங்க. அவசரப்படாதீங்க. பாட்டில் நெறைஞ்சிருந்தா நான் இங்கயே எறங்குறேன். கொஞ்சம் சந்தேகம்னாலும் சொல்லிடுங்க, தப்பில்ல, அந்த நீள ரன்வேக்குப் போயிடுறேன். இப்ப சொல்லுங்க. பாத்துட்டுச் சொல்றீங்களா, சும்மா சொல்றீங்களா?"

அறையில் கடிகாரம் மட்டும் ஓடியது. மச்சினி என்னைப் பார்த்தாள்.

பார்த்தேனா? ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதியிருக்கிறேன். நேற்றும் அதைத்தான் எழுதினேன். முந்தாநாளும் அதேதான். அந்த முள் தினமும் அதே இடத்தில்தான் நிற்கும். இன்றைக்கு நான் பார்த்தது இன்றைய முள்ளா, நேற்றைய ஞாபகமா? புத்தகத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து அழகாக இருந்தது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவளைத் தவிர எனக்கு உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். சொல்வதற்கு வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்குக் கையைத் தூக்கினேன்.

சட்டைக் கையில் மணிக்கட்டுக்கு மேலே கறுப்பாக ஒரு தீற்று இருந்தது.

அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. காலையில் மூக்கு அறைக்குள் தலையை விட்டபோது கேஜ் கண்ணாடி முழுக்கத் தூசியும் கிரீஸும். முள் தெரியவில்லை. பையில் துணி இல்லை. அவள் திட்டுவாளே என்று நினைத்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தேன். டார்ச் அடித்தேன். முள் பச்சைக் கோட்டுக்குள் நின்றது. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன், அசையவில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டிகளை அடுக்கினேன்.

"பாத்தேன்" என்றேன். "கண்ணால பாத்தேன். முள்ளு பச்சையில, ஆயிரத்துத் தொள்ளாயிரம். தட்டியும் பாத்தேன்."

"எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

"கண்ணாடி அழுக்கா இருந்துச்சு. சட்டைக் கையால தொடச்சேன். இப்பவும் கறை இருக்கு."

"புதுச் சட்டையா?"

"ஆமா."

"சரி. இங்கயே எறங்குறேன். சட்டையப் பத்தி வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்று பின்னால் பல்லவியின் குரலும் கேட்டது. பழக்க தோஷம்.

மச்சினி மைக்கை அணைத்துவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள்.

பாரம் குறைவதற்காக என் மனைவி இன்னும் முக்கால் மணி நேரம் வட்டமடித்துக் கூடுதல் எரிபொருளை எரித்துத் தீர்த்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தீயணைப்பு வண்டி ஓடுபாதை ஓரத்தில் வந்து நின்றது. நான் இழுவை டிராக்டரில் ஏறி அதன் பக்கத்தில் போய் நின்றேன். மடியில் மூன்று பின்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா. இறங்கிய சக்கரம் மறுபடி மடங்காமல் இருக்க அவற்றைக் கால்களில் சொருக வேண்டும். வாக்கிடாக்கியில் மச்சினி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சக்கரம் விழுந்தது. ரெண்டு பச்சை விளக்கு. பாட்டிலைத் திறந்தாயிற்று. மூணு பச்சை.

மூன்று பச்சை என்றால் மூன்று சக்கரமும் பூட்டிக்கொண்டன, பாட்டில் முதல் வேலையை முடித்துவிட்டது. இனி பிரேக்.

பிரேக் பிடித்தால் விமானத்தின் மூக்கு குனியும், விட்டால் நிமிரும். விமானிக் கூடத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, மூக்கைப் பார்த்தால் போதும். விமானம் வெள்ளையாகத் தெரிந்தது, பெரிதானது, என் முன்னால் தரையைத் தொட்டது. ஓடுபாதையின் ஆரம்பத்திலேயே, ஒரு முழம்கூட வீணாக்காமல் இறக்கியிருந்தாள். வேகமாக என்னைத் தாண்டிப் போனது. நான் டிராக்டரில் எழுந்து நின்றேன். மூக்கு இன்னும் குனியவில்லை. வேலி இருக்கிற பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. என் வலது கால் டிராக்டர் பலகையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது, இருபத்திரண்டு வருஷமாகக் காரில் மிதிக்கிற மாதிரியே.

மூக்கு மெல்லக் குனிந்தது.

இப்போது நிமிரும் என்று நினைத்தேன். நிமிரவில்லை. குனிந்தபடியே போனது. இன்னும் கொஞ்சம் குனிந்தது, அவ்வளவுதான். விமானம் ஓட்டத்தைக் குறைத்தது, நடந்தது, வேலிக்கு நல்ல தூரம் முன்னால் நடுக்கோட்டின் மேலேயே நின்றது. நின்ற பிறகுதான் மூக்கு ஒரே ஒரு தடவை நிமிர்ந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? எவ்வளவு அழகா புடிச்சா" என்று தீயணைப்பு வண்டிக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அந்த ஆளுக்கு என்னை முன்பின் தெரியாது. பாவம், ஆமாம் போட்டார்.

ஓடிப்போய்ப் பின்களைச் சொருகினேன். முதல் பின் ஓட்டைக்குள் போக மூன்று தடவை ஆயிற்று. இடது சக்கரத்தின் கால் முழுக்கச் சிவப்பு எண்ணெய் வழிந்திருந்தது. வளைவில், வெளிக்கவசத்துக்கு உள்ளே, ஒரு சாண் நீள ரப்பர் குழாய் வெடித்திருந்தது. கவசத்தைக் கழற்றினால்தான் தெரியும். யார் மேலும் தப்பில்லை, குழாய்க்கு ஆயுசு முடிந்துவிட்டது.

கதவு திறந்தது. முதலில் வெளியே எட்டிப் பார்த்தது ஒரு பயணி. தலை கலைந்து, கண்ணில் தூக்கம். "வந்தாச்சா? இது நாம கெளம்பின எடம் மாதிரியே இருக்கே" என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் விமானமே குலுங்கியது. அப்புறம் பல்லவி இறங்கினார். நேராக மூக்குக் கதவைத் திறந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கேஜ் கண்ணாடியில் நான் துடைத்த இடம் வட்டமாகப் பளபளவென்று இருந்தது, சுற்றிலும் அழுக்கு. அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு தடவை.

"இனிமே பெட்டிய எறக்கித்தான் காட்டுவேன். இடுப்பு போனாலும் சரி" என்றேன்.

"எறக்கித்தான் பாப்பேன். எறக்கித்தான் பாப்பேன்" என்றார் அவர்.

அவள் கடைசியாக இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது போகாது" என்றாள். கறையைச் சொன்னாள். ஆனால் கையை விடவில்லை. சுற்றி ஆட்கள் நிற்கிறார்களே என்று நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

எழுத வேண்டிய காகிதமெல்லாம் எழுதி முடித்து, நாங்கள் கிளம்பும்போது மூன்று மணி. மச்சினியும் வருகிறேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். சாவிக்கு நான் கை நீட்டினேன், மனைவி தரவில்லை. முதல் சிக்னல் வந்தது. கைப்பிடியைப் பிடித்தேன், பல்லைக் கடித்தேன், வாயைத் திறக்கவில்லை. கார் மெல்ல வேகம் குறைந்து, தலை ஆடாமல், கோட்டுக்கு முன்னால் நின்றது. இரண்டாவது சிக்னலிலும் அப்படியே. மூன்றாவதில் எனக்குத் தாங்கவில்லை.

"இவ்வளவு நல்லா பிரேக் போடத் தெரிஞ்சும் ஏன் இத்தன வருஷமா என் கழுத்த ஒடிச்ச?"

"பக்கத்துல ஒரு ஆள் பிரேக்கு பிரேக்குன்னு கத்துவாரு. கத்தினா மிதிப்பேன். சரி மிதிச்சாச்சேன்னு எடுப்பேன். மறுபடி கத்துவாரு" என்றாள். "மேல யாரும் கத்தல."

"நான் கத்த விடல" என்று பின்சீட்டிலிருந்து மச்சினி சொன்னாள்.

எனக்கு அசடு வழிந்தது. ஆனாலும் அன்றைக்கு என்ன சொன்னாலும் இனித்தது. தெருவுக்குள் திரும்பினோம். தெரு ஈரமாக இருந்தது. மழை இல்லை, வானம் பளிச்சென்று இருந்தது. ஈரம் போகப் போகத் தண்ணீரானது. எங்கள் வீட்டு கேட்டுக்கு அடியிலிருந்து சின்ன ஓடை மாதிரி அது வெளியே வந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பூனை அதன் கரையில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது.

அவள் காரை நிறுத்தினாள். ஒரே மிதி.

"இத பாக்கல" என்றேன். "இத சும்மா சொன்னேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்ததில் ஹாரன் அடித்துப் பூனை ஓடிப்போனது. மச்சினி பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிரும்வரை காத்திருந்து கேட்டேன்.

"பாட்டில் விஷயத்துல மட்டும் எப்படி என்னை நம்பின?"

"நீங்க சும்மா சொல்றப்ப நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடும்" என்றாள். "காலையில குழாயக் கேட்டப்ப வந்துச்சே. ரேடியோவுல நான் கேட்டதும் நீங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, இந்த மனுஷன் நெஜமாவே யோசிக்கிறாரு, இப்ப என்ன சொன்னாலும் அது நெஜம்னு. ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு அப்பவும் ஒடனே சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்த நீள ரன்வேக்குப் போயிருப்பேன்."

காரை விட்டு இறங்கி, கணுக்கால் தண்ணீரில் சலசலவென்று நடந்து, பின்பக்கம் போனேன். செடிகள் நீந்திக்கொண்டிருந்தன. குழாயை மூடினேன். திரும்பிப் பாதி தூரம் வந்தேன்.

"மூடிட்டீங்களா?" என்று வாசலிலிருந்து அவள் கேட்டாள்.

வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போனேன். குழாயின் வாயைக் குனிந்து பார்த்தேன். பிடியை விரலால் தட்டிப் பார்த்தேன். கடைசிச் சொட்டு விழுந்து முடிகிறவரை நின்று, அதற்குப் பிறகு சொன்னேன்.